விற்றுப்போன சேலையின் பக்கத்தை அழிக்கலாமா, வைத்திருக்கலாமா? (பட்டுச்சேலை ஆன்லைன் கடை, வூகாமர்ஸ்)

கோர்வைத்தறி · காஞ்சிபுரம்

எல்லாருக்கும் வணக்கம். எங்க குடும்பத்துக்குச் சொந்தத் தறி இருக்கு, கூடவே சின்னதா ஒரு கடை. சித்தப்பா கடையைப் பார்த்துக்கறார், ஆன்லைன் கடை என் பொறுப்பு. சைட் வேர்ட்பிரஸ்ல ஓடுது, அதுல கடை நடத்தற பிளகின் வூகாமர்ஸ்.

ஒவ்வொரு சேலைக்கும் தனித்தனிப் பக்கம் போட்டிருக்கு. மொத்தம் 1,800 பக்கம் வரும். அதுல இன்னைக்குக் கையிருப்புல இருக்கறது 300ஐத் தாண்டாது. மீதி எல்லாம் வித்துப்போனது. சைட் செஞ்சு குடுத்தவர், "வித்ததும் டிராஷ்ல போட்டுடுங்க, சைட் கனமாகுது"ன்னு சொல்றார். சித்தப்பா அதுக்கு ஒத்துக்கல. "அந்தப் படத்தைப் பார்த்துத்தானே போன் பண்றாங்க, அதை ஏன் எடுக்கணும்?"ங்கறார். கூகுள் தேடல்ல இருந்து எந்தப் பக்கத்துக்கு எத்தனை கிளிக் வருதுன்னு காட்டற சர்ச் கன்சோல்ல பார்த்தா அவர் சொல்றது சரின்னுதான் தோணுது. அதிகமா கிளிக் வாங்கற பக்கங்கள்ல பாதிக்கு மேல வித்துப்போன சேலைகள்தான். ஆனா உள்ள வர்றவங்க "ஸ்டாக் இல்லை"ன்னு பார்த்துட்டுத் திரும்பிப் போயிடறாங்க.

அழிக்கறதா, வைக்கறதா? இனிமே போடற சேலைக்காவது லிஸ்டிங்கை எப்படி அமைக்கறது? கைத்தறி விக்கறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

வலைத்தச்சன் · சென்னை

டிராஷ்ல போடறதை இன்னைக்கே நிறுத்துங்க. மத்தது பிறகு.

ஸ்டாக் தீர்ந்த பக்கம் இருக்கறதால சைட் கனமாகாது. 1,800 பக்கம் வூகாமர்ஸுக்கு ஒரு பொருட்டே இல்லை. இடத்தை அடைக்கறது படங்கள். பொருளை அழிச்சாலும் அதோட படங்கள் மீடியா லைப்ரரில அப்படியேதான் கிடக்கும், கூடப் போகாது. ஒரு படம் ஏத்தினா வேர்ட்பிரஸும் தீமும் அதைப் பல அளவுல வெட்டி வைக்குது. கனம்னா அங்கதான் பார்க்கணும்.

வித்துப்போன பக்கங்களைக் கூகுள் எப்படிப் பார்க்குதுன்னு சொல்றேன். அதே சேலை திரும்ப வரும்னா பக்கத்தைத் தொடவே கூடாது. "ஸ்டாக் இல்லை"ங்கறது பக்கத்துலயும் ஸ்கீமாவுலயும் (கூகுள் படிக்கறதுக்காகப் பக்கத்துக்குள்ள வைக்கற விவரம்) ஒண்ணா இருந்தா போதும். அதே பொருள் வராது, ஆனா கிட்டத்தட்ட அதே மாதிரி ஒண்ணு இருக்குன்னா 301ங்கற நிரந்தர ரீடைரக்ட் போட்டு அங்க திருப்பலாம். குறைஞ்சது ஒரு வருஷமாவது அந்த ரீடைரக்ட் இருக்கணும்னு கூகுளே சொல்லுது. ரெண்டும் இல்லைன்னா 404 (பக்கம் இல்லை) அல்லது 410 (பக்கத்தை எடுத்தாச்சு) காட்டறதுல தப்பில்லை.

செய்யவே கூடாதது ஒண்ணு இருக்கு. அழிச்ச பக்கம் எல்லாத்தையும் முகப்புக்குத் திருப்பிவிடற பிளகின்கள் உண்டு. அரக்கு கலர் சேலை தேடி வந்தவரை முகப்புல இறக்கிவிட்டா அவருக்கும் பிரயோசனம் இல்லை, கூகுளும் அதை சாஃப்ட் 404ன்னு, அதாவது இல்லாத பக்கம் மாதிரியே எடுத்துக்கும்.

இப்போதைக்கு இன்வென்டரி செட்டிங்ஸ்ல ஸ்டாக் இல்லாததைக் கேட்டலாக்ல மறைக்கற டிக்கைப் போட்டு வைங்க. கேட்டகரி பக்கத்துல இருக்கற சேலை மட்டும் தெரியும். நேரா லிங்க்ல வர்றவங்களுக்குப் பழைய பக்கமும் திறக்கும்.

நெகமம்காட்டன் · பொள்ளாச்சி

நான் ஷாப்பிஃபைங்கற வேற கடை மென்பொருள்ல விக்கறேனுங்க, எல்லாம் காட்டன். என்னைக் கேட்டா சேலைக்கு ஒரு பக்கம்ங்கறதையே விட்டுடுங்க. டிசைனுக்கு ஒரு பக்கம் வைங்க. கட்டம் போட்டது ஒரு பக்கம், கோடு போட்டது ஒரு பக்கம், கோயில் பார்டர் ஒரு பக்கம். நிறம் அதுக்குள்ள வேரியண்ட், அதாவது ஒரே பக்கத்துல தேர்ந்தெடுக்கற வகை. சரக்கு தீர்ந்தா அந்த நிறம் மட்டும் மங்கலாத் தெரியும், புது லாட் வந்தா திரும்ப உயிர் வந்துரும். பக்கம் அழியறதே இல்லைங்க.

இதுல பெரிய லாபம் ரிவ்யூதானுங்க. உங்க முறையில ஒரு சேலை வித்து, வாங்குனவங்க நாலு வரி நல்லா எழுதுனா, அது செத்த பக்கத்துல போய் உக்காந்துக்கும். எங்க கட்டம் சேலைப் பக்கத்துல பழைய வருசத்து ரிவ்யூ எல்லாம் வரிசையா நிக்குது. புதுசா வர்றவங்க அதைப் படிச்சுட்டுத்தான் காசு கட்டறாங்க.

ஜரிகைக்கரை · ஆரணி

அக்கா சொல்றது காட்டனுக்குச் சரி. பட்டுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.

ஒரே டிசைன்ல ரெண்டு சேலை நெய்தாலும் முந்தி மாறும், புட்டா இடைவெளி மாறும், ஜரிகை எடை மாறும். விலை ஐயாயிரம் ரூபாய் வித்தியாசப்படும். முப்பத்தெட்டாயிரம் குடுத்து வாங்கறவங்களுக்கு அவங்க கைக்கு வரப்போற அந்தச் சேலையைக் காட்டணும். மாதிரிப் படம் செல்லாது. உடல், கரை, முந்தி, ரவிக்கைத் துணி, பின்பக்கம், மடிப்பு பிரிச்ச முழு நீளம்னு ஆறு படமாவது வேணும். வூகாமர்ஸ்ல ஒரு வேரியேஷனுக்கு ஒரு படம்தான் வைக்க முடியும், கூடுதலா வேணும்னா தனி பிளகின் போடணும். அந்த பிளகின் நாளைக்கு அப்டேட் ஆகாம நின்னா மொத்தக் கடையும் நிக்கும்.

அதோட, வித்துப்போன சேலைப் பக்கம்னா அது செத்த பக்கம் இல்லை. கோர்வைத்தறி, உங்க வீட்டுலயே தறி இருக்கு. அந்த டிசைனோட ஜக்கார்ட் அட்டை (தறியில டிசைன் விழ வைக்கற துளை போட்ட அட்டை) உங்ககிட்ட இருக்குமே. அப்போ அந்தச் சேலையைத் திரும்ப நெய்யலாம் இல்லையா? வாங்கி விக்கற கடைக்காரனால முடியாதது உங்களால முடியும். "ஸ்டாக் இல்லை"ங்கற இடத்துல "இதே டிசைனை உங்களுக்காக நெய்து தருகிறோம்"ன்னு ஒரு பட்டன் வைங்க. அங்க ஒரு சின்னப் படிவம்: என்ன நிறம், எந்தத் தேதிக்குள்ள வேணும், போன் நம்பர். உங்க சித்தப்பாவுக்கு வர்ற போன் எல்லாம் இதுக்காகத்தான்.

கோர்வைத்தறி

ஜரிகைக்கரை அண்ணா, அட்டை எல்லாம் பரண்ல கட்டு கட்டா இருக்கு. சொல்லப்போனா போன்ல வர்றதுல நிறைய "அந்த மயில்சக்கரம் போட்டது திரும்ப வருமா"ங்கற மாதிரிதான். இதை லிஸ்டிங்கோட சேர்த்து யோசிச்சதே இல்லை.

வூகாமர்ஸ்ல ஸ்டாக் தீர்ந்தாலும் ஆர்டர் வாங்கற பேக்ஆர்டர்னு ஒரு ஆப்ஷன் இருக்கே, அதைப் போட்டா போதுமா?

ஜரிகைக்கரை · ஆரணி

வேண்டாம். பேக்ஆர்டர்னா பழைய விலைக்கே பணத்தை வாங்கிடும். பட்டு விலையும் வெள்ளி விலையும் ஒரே இடத்துல நிக்கறது இல்லை. விசாரணை மட்டும் வாங்கிக்கிட்டு, அன்னைக்கு விலையைச் சொல்லி, அப்புறம் முன்பணம். பழைய விலையைப் பக்கத்துல இருந்து எடுக்காதீங்க, "விற்ற விலை"ன்னு போட்டு வைங்க. வர்றவங்களுக்கு ஒரு அளவு தெரியும், வீணா வர்ற விசாரணையும் குறையும்.

கூறைச்சீலை · டொராண்டோ

நான் விக்கிற ஆள் இல்லை, வாங்கிற ஆள். இந்த இழையை வாசிச்சுக்கொண்டு வந்தனான், எழுதாமல் போக மனம் வரேல்லை.

என்ரை மகளின்ரை கலியாணத்துக்குக் கூறை தேடேக்குள்ள, எங்களுக்குப் பிடிச்ச ஒரு எம்.எஸ். நீலம் (பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின்ரை பேரிலை சொல்லுற நீலம்) சேலை கூகுள் படங்களிலை வந்தது. அழுத்தினால் "பக்கம் இல்லை" எண்டு வந்தது. எந்தக் கடை, ஆரைக் கேக்கிறது எண்டு ஒண்டும் தெரியேல்லை. கலியாணத்துக்கு ஆறு மாதம் இருந்தது. நெய்து தாறம் எண்டு ஒரு வரி அங்கை இருந்திருந்தால் நாங்கள் காசு கட்டியிருப்பம். வெளிநாட்டிலை இருக்கிற ஆக்கள் கூறையைக் கடைசி நேரத்திலை வாங்கிறேல்லை, முன்கூட்டியே தேடுவம்.

இன்னும் ஒண்டு. படங்களை மஞ்சள் லைட்டிலை எடுக்காதேங்கோ. ஒரு படமாவது பகல் வெளிச்சத்திலை, வாசலிலை வைச்சு எடுத்ததாக இருக்கட்டும். எத்தினை கிராம் எடை எண்டும் போடுங்கோ. மணவறையிலை மணிக்கணக்கா உடுத்திக்கொண்டு இருக்கிற பிள்ளைக்கு அது முக்கியம்.

வலைத்தச்சன் · சென்னை

கூறைச்சீலை அக்கா எழுதினதைக் கோர்வைத்தறி பிரிண்ட் எடுத்துக் கடையில ஒட்டலாம். மேல நான் 404 காட்டறது தப்பில்லைன்னு பொதுவாச் சொன்னேன். நெசவு செய்யற கடைக்கு அந்த விதி பொருந்தாது. திரும்ப நெய்ய முடியற எதுவும் "இல்லாத பொருள்" ஆகாது.

ஆக, உங்க கடைக்கு ரெண்டு முறையையும் கலக்கலாம். பட்டுக்குச் சேலைக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அதுக்கு மேல டிசைன் பேர்ல ஒரு கேட்டகரி அல்லது டேக் பக்கம்: மயில்சக்கரம், ருத்ராட்சம், கோபுரக் கரை. அந்தப் பக்கத்துல டிசைனைப் பத்தி நீங்களே எழுதின பத்து வரி, கையிருப்புல இருக்கற சேலைகள், கீழ விற்றவை. வித்த சேலைப் பக்கத்துல இருந்து அதுக்கு லிங்க். நாள் ஆக ஆக பலம் சேர வேண்டியது அந்த டிசைன் பக்கம்தான்.

ஒரு விஷயம் கேக்கணும். உங்க பக்கங்களோட முகவரி தமிழ்ல இருக்கா, ஆங்கில எழுத்துல இருக்கா?

கோர்வைத்தறி

தமிழ்ல. தலைப்பு தமிழ்ல போடறதால அதுவே முகவரியா வந்துடுது. ஆனா கடைசியில எல்லாத்துக்கும் 2, 3, 47ன்னு நம்பர் ஒட்டிக்குது. ஏன்னு புரியல.

வலைத்தச்சன் · சென்னை

அதுக்குக் காரணம் இருக்கு. வேர்ட்பிரஸ் முகவரித் துண்டை (முகவரியில பக்கத்தோட பேர் வர்ற பகுதி) சேமிக்கற இடம் 200 எழுத்துதான். தமிழ் யூனிகோட்ல ஒவ்வொரு குறியீடும் மூணு பைட், அதை முகவரிக்காக மாத்தும்போது ஒவ்வொண்ணும் ஒன்பது எழுத்தா விரியும். "கா"ங்கறது க, துணைக்கால்னு ரெண்டு குறியீடு. அப்போ 22 குறியீட்டுக்கு மேல இடம் இல்லை.

"காஞ்சிபுரம் பட்டுச்சேலை"ங்கறதை எண்ணிப் பாருங்க. 11 குறியீடு, ஒரு இணைப்புக்கோடு, மறுபடி 11. விரிச்சா 199. அதோட சரி, இடம் முடிஞ்சுது. அதுக்குப் பின்னாடி நீங்க எழுதற அரக்கு, மயில்சக்கரம், கோர்வை எல்லாம் வெட்டுப்படுது. எல்லாச் சேலையும் ஒரே முகவரியா வந்து நிக்கறதால நம்பர் ஒட்டிக்குது.

இனிமே போடறதுக்கு முகவரித் துண்டை மட்டும் ஆங்கில எழுத்துல, சின்னதா, கையால எழுதுங்க. தலைப்பு தமிழ்லயே இருக்கட்டும். முகவரியில விலையோ வருஷமோ "புதுசு" மாதிரி வார்த்தையோ வேண்டாம், அதெல்லாம் மாறிக்கிட்டே இருக்கும். டிசைன் பேரும் சேலையின் எஸ்கேயுவும் (அந்தச் சேலைக்கு நீங்க குடுக்கற அடையாள எண்) போதும். பழைய 1,800ஐத் தொடாதீங்க. வேர்ட்பிரஸ் பழைய துண்டை ஞாபகம் வச்சுத் தானே திருப்பிவிடும்தான், ஆனா நல்லா ஓடற பக்கத்தோட முகவரியை அழகுக்காக மாத்தறது தேவையில்லாத வேலை.

நெகமம்காட்டன் · பொள்ளாச்சி

ஷாப்பிஃபைல முகவரி மாத்துனா ரீடைரக்ட் போடட்டுமான்னு ஒரு டிக் அங்கேயே கேக்குமுங்க. அதை எடுத்துவிட்டுட்டு அப்புறம் தேடறவங்களைப் பார்த்திருக்கேன்.

தலைப்புல இன்னொண்ணு: நீங்க வடக்க புடவைம்பீங்க, நாங்க சேலைம்போம். வர்றவங்க ரெண்டையும் அடிச்சுத் தேடறாங்க. வேர்ட்பிரஸ்ல இருக்கற தேடல் பெட்டி அடிச்ச எழுத்தை அப்படியே பொருத்திப் பார்க்குமே தவிர ரெண்டும் ஒண்ணுன்னு அதுக்குத் தெரியாது. தலைப்புல ஒண்ணைப் போட்டா விவரத்துல மத்ததையும் எழுதிருங்க.

நிறத்துக்கும் அதே கதைதானுங்க. வாடாமல்லி, பாக்கு, வெங்காயம், மயில் கழுத்துன்னு கடைப் பேர் அம்பது இருக்கும். அம்பதையும் ஃபில்டர்ல போட்டா யாருக்கும் ஆகாது. நான் நிறத்துக்கு ரெண்டு அட்ரிப்யூட் வச்சிருக்கேன். ஃபில்டருக்குப் பன்னெண்டு பொது நிறம். தலைப்புலயும் விவரத்துலயும் நம்ம பேர். கூகுளுக்குப் பொருள் விவரம் அனுப்பற மெர்ச்சண்ட் சென்டருக்குப் போறது பொது நிறம்.

வலைத்தச்சன் · சென்னை

ஃபில்டர்னதும் ஞாபகம் வருது. நிறம், விலை, கரைன்னு மூணு ஃபில்டர் சேர்ந்தா ஆயிரக்கணக்கான முகவரி உருவாகும், கூகுள் அதுல சுத்திக்கிட்டே இருக்கும். ஃபில்டர் முகவரிகளை ரோபோட்ஸ் ஃபைல்ல (கூகுள் எங்க போகக் கூடாதுன்னு சொல்ற ஃபைல்) தடுத்துடுங்க. அவ்வளவுதான்.

பொடிக்கடை · திண்டுக்கல்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் இட்லிப்பொடி, பருப்புப்பொடி விக்கறேன். எனக்கு எல்லாமே ஒரே பொருள்தான், பேட்ச் மட்டும் மாறும். பேட்ச் மாறும்போது புதுப் பக்கம் வேணுமா?

வரிக்கணக்கு · கோயம்புத்தூர்

வேண்டாம். ஒரே பக்கம், 100 கிராம், 250 கிராம் வேரியண்ட். பொட்டலப் பொருளுக்கு நிகர எடை, எம்ஆர்பி, தயாரித்தவர் பெயர் முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு எல்லாம் பக்கத்திலேயே தெரிய வேண்டும். ஆன்லைன் விற்பனைக்கு இது 2018 ஜனவரியிலிருந்து கட்டாயம். தயாரித்த மாதத்தை மட்டும் பக்கத்தில் போட வேண்டியதில்லை, பொட்டலத்தில் இருந்தால் போதும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண்ணையும் போடுங்கள். மற்ற விவரங்களுக்குத் தனி இழை தொடங்குங்கள், நான் வருகிறேன்.

சேலைக்கு வருகிறேன். கோர்வைத்தறி, தலைப்பில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. விசைத்தறியில் ஓடியதற்கோ செமி சில்க்குக்கோ அந்தப் பெயரைத் தலைப்பில் வைக்க முடியாது. நீங்கள் சொந்தத் தறிக்காரர், உங்களுக்குப் பயமில்லை. ஆனால் கடையில் வெளிச் சரக்கும் வைத்திருந்தால் இரண்டையும் ஒரே கேட்டகரியில் கலக்காதீர்கள். சாஃப்ட் சில்க் என்பது பட்டுதான், செமி சில்க் அப்படியில்லை. வாங்குபவர்களில் பாதிப் பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, பல தளங்கள் அந்தத் தெரியாமையை வைத்தே விற்கின்றன. இழை என்ன, ஜரிகை அசலா, ஹாஃப் ஃபைனா, டெஸ்டடா (இவை ஜரிகையின் தரப் பெயர்கள்) என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். சுத்தப் பட்டு என்பதற்கான சில்க் மார்க் சீட்டு இருந்தால் அதையும் படம் எடுத்துப் போடுங்கள்.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுப் பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சின்னக் கடைகள் இதை விட்டுவிடுகின்றன.

கோர்வைத்தறி

ரொம்ப நன்றி சார். ஒரு சந்தேகம். எங்க தீம்ல "ஒன்றுதான் மீதம்! 14 பேர் பார்க்கிறார்கள்"ன்னு தானா வருது. ஒண்ணுதான் மீதம்ங்கறது உண்மை. அந்த 14 பேர் எங்கிருந்து வர்றாங்கன்னு தெரியல.

வரிக்கணக்கு · கோயம்புத்தூர்

"ஒன்றுதான் மீதம்" இருக்கட்டும். 14 பேரை எடுத்துவிடுங்கள். 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதலில் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். பொய்யான அவசரத்தைக் காட்டுவது அதில் ஒன்று. தீம் செய்தது என்று சொல்லித் தப்ப முடியாது, கடை உங்களுடையது.

ஜரிகைக்கரை · ஆரணி

ஒண்ணுதான் மீதம்னா அந்த ஒண்ணு நிஜமா அலமாரியில இருக்கணுமே, எனக்கு எப்பவும் அந்தக் கவலைதான். கடையில ஒருத்தர் கையில எடுத்துப் பார்த்துக்கிட்டிருப்பார், அதே நேரம் சைட்ல வேற ஒருத்தர் பணம் கட்டியிருப்பார். வாட்ஸ்அப்ல மூணாவது ஆளுக்கு "எடுத்து வைக்கறேன்"ன்னு வாக்குக் குடுத்திருப்போம்.

நாங்க கடைப்பிடிக்கறது: ஒவ்வொரு சேலைப் பெட்டியிலயும் எஸ்கேயு சீட்டு. சேலை கல்லாவுக்கு வந்ததும் பில் போடறதுக்கு முன்னாடி போன்ல வூகாமர்ஸ் ஆப்பைத் திறந்து ஸ்டாக்கைப் பூஜ்யமாக்கணும். வாட்ஸ்அப்ல யாருக்காவது எடுத்து வச்சாலும் அதேதான். பணம் வரலைன்னா சாயங்காலம் திரும்ப ஒண்ணாக்கிடுவோம். இதைச் செய்யறது கடையில ஒரே ஆளோட பொறுப்பு. ரெண்டு பேர்கிட்ட குடுத்தா ஒருத்தர் செஞ்சிருப்பார்னு மத்தவர் விட்டுடுவார்.

வலைத்தச்சன் · சென்னை

சைட் பக்கம் பார்த்தா, பணம் கட்டாம நிக்கற ஆர்டருக்கு வூகாமர்ஸ் ஸ்டாக்கை 60 நிமிஷம் பிடிச்சு வைக்கும், அதுதான் டிஃபால்ட். யுபிஐல வாங்கறவங்க அதிகம்னா அதை 15, 20ன்னு குறைச்சுக்கலாம். ஒற்றைச் சேலையை ஒரு மணி நேரம் பூட்டி வைக்கத் தேவையில்லை.

கோர்வைத்தறி

சித்தப்பாவோட உக்காந்து பேசிட்டோம். வித்த பக்கம் எதையும் அழிக்கல. அட்டை இருக்கற டிசைன்களை முதல்ல பரண்ல இருந்து எடுத்துப் பேர் எழுதப் போறோம். அதுக்கெல்லாம் டிசைன் பக்கமும், வித்த சேலையில "நெய்து தருகிறோம்" படிவமும். அட்டை இல்லாதது, வெளியில வாங்கி வித்தது, இதுல கிளிக்கே வராததை மட்டும் 410 ஆக்கிடலாம்னு இருக்கோம். படிவத்துக்குப் பதில் சொல்ற வேலையைச் சித்தி எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க, நிறத்தைப் பத்தி அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.

1,800 பக்கத்துலயும் டேக் போடணும். எக்ஸெல்ல போட்டு ஏத்தலாம்னு ஃபைலைத் திறந்தா தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாத் தெரியுது.

வலைத்தச்சன் · சென்னை

அந்த சிஎஸ்வி ஃபைலை டபுள் கிளிக் பண்ணித் திறக்காதீங்க. எக்ஸெல்ல டேட்டா மெனுவுக்குப் போய் எழுத்து முறையை யூடிஎஃப்-8ன்னு தேர்ந்தெடுத்து உள்ள கொண்டுவரணும். அல்லது கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ். எஸ்கேயு காலத்தை எழுத்துன்னு குறிச்சிடுங்க, இல்லைன்னா முன்னாடி இருக்கற பூஜ்யத்தை எக்ஸெல் தின்னுடும்.

ஏத்தும்போது ஐடி, எஸ்கேயு, டேக், இந்த மூணு காலம் மட்டும் போதும். விலை, விவரம், படம் எதையும் ஃபைல்ல வைக்காதீங்க, மாத்தாததைக் கொண்டுபோனா மாறிடுமோன்னு பயப்பட வேண்டியிருக்கும். "இருக்கும் பொருள்களைப் புதுப்பி"ங்கற டிக் கட்டாயம். அது இல்லாம ஏத்தினா ஏற்கனவே இருக்கற வரிசை எல்லாம் ஸ்கிப் ஆகிடும். முதல்ல பேக்கப், அப்புறம் பத்தே சேலை ஏத்திப் பார்த்துட்டு மீதி.

கூறைச்சீலை · டொராண்டோ

படிவத்திலை வாட்ஸ்அப் இலக்கம் கேக்கேக்குள்ள நாட்டுக் குறியீடும் போடக்கூடிய மாதிரி வையுங்கோ. இந்தியாவின்ரை பத்து இலக்கத்துக்கு மேலை ஏற்காத படிவங்கள் கனக்க இருக்கு, நாங்கள் அதிலையே நிண்டு போறம்.

கோர்வைத்தறி

மாத்திட்டேன் அக்கா. இப்போ எந்த நாட்டு நம்பரும் ஏத்துக்கும். மயில்சக்கரம் பக்கம் இந்த வாரம் வந்துடும், லிங்க்கை இங்கயே போடறேன்.